நாடா கட்டிய பந்து

பந்துக்கு ஒரு வாய் இருந்த காலம் உண்டு. தோலில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு பிளவு, இரு உதடுகளிலும் வரிசையாகத் துளைகள், அந்தத் துளைகளில் ஷூவுக்குக் கட்டுவதுபோல நாடா. நான் படித்த பள்ளியில் அப்படி ஒரு பழைய பந்து மிச்சம் இருந்தது. பி.டி. சார் அதற்குக் காற்றடிக்கும் சடங்கைப் பார்க்க நாங்கள் நாலைந்து பேர் மணி அடிப்பதற்கு முன்பே போய் நின்றுவிடுவோம். முதலில் நாடாவை அவிழ்ப்பார். வாயை விரித்து, உள்ளே சுருண்டு கிடக்கும் ரப்பர் பிளாடரின் கழுத்தை இரண்டு விரலால் வெளியே இழுப்பார். சைக்கிள் பம்பைப் பொருத்தி எங்களில் ஒருவனை அடிக்கச் சொல்வார். பந்து விறைத்ததும் கழுத்தை முறுக்கி, இரண்டாக மடித்து, சணலால் இறுகக் கட்டுவார். அந்த முடிச்சை உள்ளே தள்ளி, மேலே ஒரு தோல் நாக்கைப் படியவைத்து, கோணூசியால் நாடாவைக் கோத்து இழுப்பார். இழுக்கிற இழுப்பில் பல்லைக் கடிப்பது வெளியே தெரியும்.

எவ்வளவு பதமாகக் கட்டினாலும் அந்த இடம் புடைத்துத்தான் நிற்கும். தலையால் முட்டப் போகிறவன், அந்தப் பக்கம் தன் நெற்றிக்கு வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வான். வந்தால் நாடாவின் வரிகள் நெற்றியில் அச்சாக விழும். கோலில் நிற்கிறவனுக்கு அப்படி வேண்டிக்கொள்ளவும் நேரமில்லை. எந்தப் பக்கம் வந்தாலும் அவன் பிடித்தாக வேண்டும்.

எஸ்டோனியாவின் கால்பந்துக் கதையைப் படிக்கும்போது எவால்ட் டிப்னர் என்ற பெயர் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. உடனே நினைவுக்கு வந்தது பி.டி. சாரின் அந்தப் பந்துதான்.

டிப்னர் 1906-இல் பிறந்தவர். பால்டிக் கடலோரத்தில் பதினோரு லட்சம் பேர் வாழ்ந்த ஒரு சின்னக் குடியரசின் கோல்கீப்பர். தலைநகர் டாலினின் ‘ஸ்போர்ட்’ என்ற கிளப்புக்கு ஆடினார். 1924-இல் தேசிய அணிக்குள் வந்து 1939 வரை நின்றார். அறுபதுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள். ஆண்டுக்கு நாலைந்து ஆட்டம் கிடைத்தாலே பெரிது என்றிருந்த நாளில் அது எளிதில் சேர்கிற எண்ணிக்கை அல்ல. மைதானத்தில் பனி விழுந்து புல் மறைந்ததும் ஐஸ் ஹாக்கியும் பாண்டியும் ஆடினார். நம் ஊர்த் தெருவில் சில்லு எறிந்து தாவும் பாண்டி அல்ல இது. உறைந்த ஏரியில் சறுக்கியபடி சின்னப் பந்தை வளைகோலால் அடிக்கும் வட ஐரோப்பிய ஆட்டம். 1947-இல், 41 வயதில் இறந்துபோனார்.

ஒரு வாழ்க்கை இப்படி ஒரு பத்தியில் முடிந்துவிடுவது கோல்கீப்பர்களுக்கு விதிக்கப்பட்டது. கோல் அடித்தவனின் பெயர் ஆட்டக் குறிப்பில் நிமிஷத்தோடு பதிவாகும். தடுத்தவன் அந்தக் குறிப்பில் ஒரு வெற்றிடம். அவன் செய்த வேலையெல்லாம் நடக்காமல்போன காரியங்கள். அதனால் டிப்னரின் கைகள் என்ன செய்தன என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தக் கைகளுக்குள் வந்து விழுந்த பொருளைத்தான் பின்தொடர வேண்டும். அது வந்த வழி நீளமானது. நமக்கு ஓரளவு பழகியதும்கூட.

ரப்பர் வருவதற்கு முன் பந்தின் உள்ளே இருந்தது பன்றியின் மூத்திரப்பை. கசாப்புக் கடையிலிருந்து பச்சையாக வாங்கி, வாயால் ஊதி, கட்டி, தோலுக்குள் அடைப்பார்கள். இங்கிலாந்தின் ரக்பி ஊரில் ரிச்சர்ட் லிண்டன் என்ற செருப்புத் தொழிலாளி பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படிப் பந்து செய்து விற்றார். ஊதுகிற வேலை அவர் மனைவியுடையது. நோய்ப்பட்ட பன்றிகளின் பைகளை ஊதி ஊதியே அந்தப் பெண்ணுக்கு நுரையீரல் நோய் வந்து இறந்தார் என்று சொல்வார்கள். அதன் பிறகுதான், 1862 வாக்கில், லிண்டன் ரப்பர் பைக்கு மாறினார். ரப்பரை வாயால் ஊதிப் பெருக்க முடியவில்லை. அதற்கென்று பித்தளையில் ஒரு கைப்பம்பும் செய்தார். எங்கள் பி.டி. சார் கையிலிருந்த பம்பின் பாட்டன் அது.

ரப்பருக்கும் அதற்கு முன்பே ஒரு கதை உண்டு. வெயிலில் இளகிப் பிசுபிசுத்து, குளிரில் வெடித்துப்போகும் சரக்கு அது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் நிலைக்கும் என்று சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்து 1844-இல் காப்புரிமை வாங்கினார். அது நடந்திராவிட்டால் உறைபனி நாடுகளில் ரப்பர் பிளாடர் போட்ட பந்தை உதைத்திருக்க முடியாது. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டனுக்கு ஏற்றி வந்தார். அங்கே க்யூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்தவை சில ஆயிரங்கள்தான். அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. அந்த இருபத்திரண்டைப் போன்ற கன்றுகளிலிருந்துதான் மலாயா ஒரு ரப்பர்க் காடாக மாறியது. மோட்டார் கார் வந்து டயருக்கு அலைந்தபோது அந்தக் காடு பணமாக மாறியது.

டிப்னர் ஆடத் தொடங்கிய 1920-களில் உலகின் ரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவில் வடிந்தது. பெரிய தோட்டங்களில் வடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று கிராமம் கிராமமாகக் கங்காணி ஆள் சேர்த்துக் கூட்டிப்போனார். நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கினார்கள். ‘ரஜூலா’ கப்பல் என்றால் இன்றும் சில வீடுகளில் தாத்தாவின் பேச்சு வரும். அது 1926-இல் நீரில் இறங்கிய கப்பல்.

தோட்டத்தின் நாள் விடியும் முன்பே தொடங்கும். இருட்டில் பிரட்டு. பெயர் கூப்பிட்டு, ஆள் எண்ணி, மர நிரை பிரித்துக் கொடுப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் பால் உறைந்து ஒழுக்கு நின்றுவிடும் என்பதால் அத்தனை அவசரம். ஆளுக்கு நூற்றுக்கணக்கில் மரம். முந்தின நாள் வெட்டின கோட்டில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். உளியைச் சாய்த்து, பட்டையில் தாளளவு கனத்துக்கு மட்டும் சீவ வேண்டும். ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் காயம், தோட்டக் கணக்கர் கிராணியின் வசவு. மேலோடு சீவினால் பால் வராது. சீவின கோடு சாய்வாக இறங்கி முடிகிற இடத்தில் பால் பிடிக்கும் மங்குக் கோப்பையைச் சரிபார்த்துவிட்டு அடுத்த மரம். பத்து மணிக்கு மேல் வாளியோடு திரும்பிவந்து மங்குகளைக் கவிழ்த்துச் சேர்க்க வேண்டும். பிறகு கொட்டகையில் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைவீட்டில் தொங்கவிடுவார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருந்தது தேன் நிறத்துக்கு வந்துவிடும். புகை நாற்றம் கடைசிவரை போகாது. பி.டி. சார் நாடாவை அவிழ்த்து வாயைத் திறந்ததும் பந்துக்குள்ளிருந்து ஒரு வாடை வரும். அது தோலின் வாடை மட்டும் அல்ல என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அந்த வேலைக்கு 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் வைத்த கூலி, ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் உலகச் சந்தை விழுந்தது. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. கூலி குறைந்தது, நிரை குறைந்தது. பெரும் கூட்டம் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டது. 1938-இல் இந்திய அரசு கங்காணி ஆள்கட்டலை முற்றாகத் தடுத்தது. டிப்னரின் பதினைந்து ஆண்டு ஆட்ட வாழ்க்கைக்குள் ரப்பரின் இந்த ஏற்றமும் சரிவும் முழுசாக அடங்கிவிடுகின்றன. காற்றடித்த பந்து உருண்டுபோன ஒவ்வொரு மைதானத்திலும், டாலினிலோ மான்டிவிடியோவிலோ, இந்தப் பாலின் ஒரு துளி உள்ளே இருந்தது.

தோலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நல்ல பந்துக்கு மாட்டின் புட்டத்துத் தோல், மட்டமான பந்துக்குத் தோள்பட்டைத் தோல். தோள் தோல் சீக்கிரம் இழுபட்டுப் பந்து சுரைக்காயாகிவிடும். நீளப் பட்டைகளாக வெட்டி, மும்மூன்றாகச் சேர்த்து, ஆறு முகமாக, மொத்தம் பதினெட்டு துண்டுகளில் தைப்பது அன்றைய வழக்கம். பந்தை உள்பக்கம் வெளியே தெரியும்படிதான் தைப்பார்கள். தைத்து முடித்ததும் அந்த வாய் வழியாகவே முழுப் பந்தையும் புரட்டி எடுப்பார்கள். பந்துக்கு வாய் வந்ததே காற்றுக்காக மட்டும் அல்ல, தையல்காரன் கை உள்ளே போய் வரவும்தான். சுற்றளவு 27-லிருந்து 28 அங்குலம் என்று 1872-இலேயே இங்கிலாந்தில் விதி எழுதிவிட்டார்கள். எடை பற்றிய சண்டைதான் பின்னாலும் தொடர்ந்தது.

இப்படிப் பிறந்த பந்து எஸ்டோனியாவுக்குக் கப்பல் வழியாகத்தான் வந்தது. அப்போது அது ஜார் ஆட்சிக்கு உட்பட்ட கடற்கரை மாகாணம். டாலின் துறைமுகத்தில் சரக்கிறக்கக் காத்திருந்த ஆங்கிலேய மாலுமிகள் கரையில் உதைத்து ஆட, உள்ளூர்ப் பையன்கள் வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கல்கத்தாவிலும் சென்னையிலும் ஆட்டத்தை ஊன்றியவர்களும் ஆங்கிலேயர்கள்தான். 1909 ஜூன் 6-ஆம் தேதி டாலினில் மெட்டியோர், மெர்க்கூர் என்று இரண்டு எஸ்டோனிய அணிகள் மோதின. உள்ளூர் அணிகளுக்குள் நடந்த முதல் ஆட்டம் அதுதான். மெட்டியோர் 4-2 என்று வென்றது. எவால்ட் டிப்னருக்கு அப்போது மூன்று வயது.

பிறகு உலகப்போர், புரட்சி, விடுதலைப் போர். 1918-இல் விடுதலை அறிவிப்பு. 1920-இல் ரஷ்யாவோடு டார்ட்டூ அமைதி ஒப்பந்தம். அதே ஆண்டு அக்டோபரில் புதுத் தேசத்தின் அணி ஹெல்சிங்கிக்குப் போய் ஃபின்லாந்திடம் 0-6 என்று உதை வாங்கித் திரும்பியது. 1923-இல் ஃபிஃபாவில் சேர்ந்தார்கள். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். அமெரிக்காவோடு ஒரே ஆட்டம். பெனால்டியில் ஒரு கோல் வாங்கினார்கள். தங்களுக்குக் கிடைத்த பெனால்டியை எல்மர் கல்யோட் மேல்கம்பத்தில் அடித்தார். 0-1. மூட்டை கட்டியாகிவிட்டது. அன்று கோலில் நின்றவர் ஆகஸ்ட் லாஸ். டிப்னரின் சர்வதேசக் கணக்கு தொடங்குவதும் அதே ஆண்டுதான். வயது பதினெட்டு.

அவர் வந்த வேளை கோல்கீப்பர்களுக்குக் கெட்ட வேளை. அடுத்த ஆண்டே, 1925-இல், ஆஃப்சைடு விதியைத் திருத்தினார்கள். அதுவரை முன்னால் நிற்கும் ஆட்டக்காரனுக்கும் கோல்கோட்டுக்கும் நடுவே எதிரணியின் மூன்று பேர் இருக்க வேண்டும். இனி இரண்டு பேர் போதும் என்றார்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் இங்கிலாந்து லீக்கில் 1924-25 பருவத்தில் விழுந்த கோல்கள் 4,700, அடுத்த பருவத்தில் 6,373. ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். கூடுதலாக விழுந்த அந்த 1,673-ஐயும் வலைக்குள்ளிருந்து குனிந்து எடுத்தவர்கள் யார் என்பதை யாரும் கேட்கவில்லை. 1929-இல் இன்னொரு திருத்தம்: பெனால்டி அடிக்கும்வரை கோல்கீப்பர் கோட்டின்மேல் கால் அசைக்காமல் நிற்க வேண்டும். 1931-இல்தான் கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள். பந்தோடு இரண்டு எட்டு வைக்கலாம் என்றிருந்ததை நாலு எட்டாக்கினார்கள். 1937-இல் பந்தின் எடையையே ஏற்றினார்கள். 13 முதல் 15 அவுன்ஸ் என்றிருந்தது 14 முதல் 16 ஆனது. கையில் வந்து மோதும் பந்து சுமார் 30 கிராம் கூடிவிட்டது. முன்களத்துக்காரன் இவற்றைச் செய்தித்தாளில் படித்துவிட்டு மறந்திருப்பான். கோலில் நின்றவனுக்கு ஒவ்வொன்றும் உடம்பில் வந்து உட்கார்ந்த விதி.

எடையில் ஒரு தந்திரமும் இருந்தது. விதி சொன்ன எடை ஆட்டம் தொடங்கும்போது இருக்க வேண்டிய எடை. ஆட்டத்துக்கு நடுவே மழை பெய்தால் என்ன என்று விதி கேட்கவில்லை. கொழுப்பு தடவி மெழுகியிருந்தாலும் தோல் தண்ணீர் குடிக்கும். தையல் வழியாகவும் நாடா வாய் வழியாகவும் உள்ளே இறங்கும். சேறு ஒட்டும். இடைவேளைக்குப் பிறகு உதைக்கிறவன் வேறு ஒரு பொருளைத்தான் உதைத்துக்கொண்டிருப்பான். டாலின் கடலோர ஊர், 59 டிகிரி வட அகலாங்கு. வசந்தமும் இலையுதிர் காலமும்தான் ஆட்டப் பருவத்தின் இரு முனைகள். இரண்டிலும் மழை, சில நாள் ஆலங்கட்டி. 1926-இல் திறந்த காட்ரியோர்க் மைதானம் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜூன் மாதம் சூரியன் இரவு பத்து மணிக்குமேல்தான் மறையும். அதனால் மாலை ஆட்டத்தில் வெளிச்சம் கண்ணுக்கு நேராக, தாழ்வாக வரும். அந்தக் காலத்து கோல்கீப்பர்கள் முன்விளிம்பு வைத்த தொப்பி அணிந்தது அழகுக்காக அல்ல.

கையில் என்ன அணிந்தார்கள்? வறண்ட நாளில் ஒன்றுமில்லை, வெறுங்கை. மழை நாளில் கம்பளிக் கையுறை. ஈரத் தோல் வெறுங்கையில் மீனாக வழுக்கும். கம்பளி இழை கொஞ்சம் பற்றிக்கொள்ளும். ஆனால் கம்பளியும் நனையும், கனக்கும். உள்ளே விரல்கள் மரத்துப்போகும்.

இனி அந்தப் பந்து பறந்து வருவதைப் பாருங்கள். நாடா இருக்கும் பக்கம் கனம் கூடுதல். அதனால் பந்து காற்றில் ஒரே சீராகச் சுழலாது, தள்ளாடும். தரையில் குத்தும்போது வாய்ப்பக்கம் பட்டால் ஒரு மாதிரி எழும்பும், மறுபக்கம் பட்டால் வேறு மாதிரி. விரல் நுனியால் தட்டி மேலே அனுப்பும் இன்றைய சாகசம் ஊறிப்போன தோல்பந்திடம் எடுபடாது. விரல் மடங்கிவிடும். எனவே இரண்டே வழி. ஒன்று, முஷ்டியால் குத்தி அனுப்புவது. அப்போது நாடா முடிச்சு கணுக்களைப் பதம்பார்க்கும். மற்றது, உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுபோய், குழந்தையை வாங்குவதுபோல் வயிற்றோடு அணைத்துக்கொள்வது. அணைத்த பிறகும் ஆபத்து தீரவில்லை. பந்தைக் கையில் வைத்திருக்கும் கோல்கீப்பரைத் தோளால் மோதித் தள்ளலாம் என்று அன்றைய விதி அனுமதித்தது. பந்தோடு சேர்த்து ஆளையே வலைக்குள் தள்ளிவிட்டால் அதுவும் கோல்தான். பதினைந்து ஆண்டுகள் இந்த இடத்தில் நின்ற ஒருவரைப் பற்றிப் ‘புகழ்பெற்றவர்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்குச் சோம்பேறித்தனமாகவே படுகிறது.

பந்து அன்று நாட்டுக்கு நாடு மாறும் என்பதற்குப் பெரிய சாட்சி 1930 உலகக் கோப்பை இறுதியாட்டம். மான்டிவிடியோவில் உருகுவேக்கும் அர்ஜென்டினாவுக்கும் யாருடைய பந்தில் ஆடுவது என்பதில் தகராறு. முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்து, இரண்டாம் பாதி உருகுவேயின் பந்து என்று சமரசம் ஆனது. தன் பந்து உருண்டவரை அர்ஜென்டினா 2-1 என்று முன்னணி. பந்து மாறியது. உருகுவே 4-2 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது. அந்த உருகுவே பந்து இங்கிலாந்தில் தைத்தது. கிளப்புக்கு மட்டுமல்ல, பந்துக்கும் சொந்த மண் உண்டு என்பதைக் கோல்கீப்பர்கள் அதற்கு முன்பே தெரிந்து வைத்திருப்பார்கள். வெளியூருக்குப் போனதும் பந்தை முதலில் கையில் வாங்கி அமுக்கிப் பார்ப்பது அவர்கள்தானே.

டிப்னர் காலத்து எஸ்டோனியா வெளியூர் போனால் பெரும்பாலும் அடிதான். 1933 ஜூன் 11 அன்று ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனோடு ஆடியது உலகக் கோப்பை வரலாற்றின் முதல் தகுதிச்சுற்று ஆட்டம். ஸ்வீடன் 6-2. நாலு வருஷம் கழித்து அதே ஊரில் 7-2. ஆனால் அந்த 1937 கோடை அத்தோடு முடியவில்லை. ஆகஸ்டில் ஃபின்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 1-0 என்று வென்றார்கள். பதினேழு ஆண்டுக்கு முந்தைய ஆறு கோலுக்குக் கொஞ்சம் கணக்குத் தீர்ந்தது. அதே மாதம் 29-ஆம் தேதி கோனிக்ஸ்பெர்க்கில் ஜெர்மனியோடு ஆட்டம். ஐரோப்பாவே பார்த்துப் பயந்த ஜெர்மன் அணி. கியோர்க் சீமென்சன் ஒரு கோல் போட, இடைவேளையில் பதினோரு லட்சம் பேரின் நாடு 1-0 என்று முன்னால் நின்றது. பிறகு ஜெர்மனி நாலு போட்டது. 1-4. தோல்விதான். ஆனாலும் அந்த முதல் நாற்பத்தைந்து நிமிஷத்தை எஸ்டோனியர்கள் மறக்கவில்லை. அண்டை நாடுகளோடு மோதும் பால்டிக் கோப்பையில் மட்டும் நிமிர்ந்து நின்றார்கள். 1929, 1931, 1938 என்று மூன்று முறை கோப்பை அவர்களுக்கு வந்தது. 1938-இல் நாட்டுக்குள் முதன்முறையாகக் கோப்பைப் போட்டி ஒன்றும் தொடங்கினார்கள். முதல் கோப்பையை டிப்னரின் ஸ்போர்ட் கிளப்பே தூக்கியது.

1939-இல் டிப்னரின் சர்வதேச ஆட்டம் முடிந்தது. 1940 ஜூனில் சோவியத் படைகள் நாட்டுக்குள் வந்தன. ஜூலை 18 அன்று காட்ரியோர்க்கில் லாத்வியாவோடு ஓர் ஆட்டம். எஸ்டோனியா 2-1 என்று வென்றது. ஆட்டம் முடிந்தபின் கூட்டம் கலையாமல் அது தேசிய ஆர்ப்பாட்டமாகவே மாறிவிட்டது. அதற்கடுத்த சில நாளில் நாடே இல்லை. ஜெர்மானியர் வந்தார்கள். மறுபடி சோவியத் வந்தது. சக ஆட்டக்காரர்களில் சிலர் கடல் தாண்டி ஸ்வீடன் போனார்கள், சிலர் திரும்பாத இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். டிப்னர் 1947-இல் இறந்தபோது அவர் காவல் காத்த அணி என்று ஒன்று உலகக் கால்பந்து வரைபடத்திலேயே இல்லை.

அந்த இடைவெளியில்தான் பந்து தன் வாயை மூடிக்கொண்டது. அர்ஜென்டினாவில் பெல் வில் என்ற சிற்றூரில் டோசோலினி, வால்போனேசி, போலோ என்ற மூன்று பேர் 1931-இலேயே ஊசி வால்வு வைத்த பந்தைச் செய்துவிட்டார்கள். ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை போதும், நாடாவும் வேண்டாம் நாக்கும் வேண்டாம். ஐரோப்பா அசையவில்லை. உலகக் கோப்பையில் நாடா இல்லாத பந்து உருள 1950 ஆனது. எங்கள் பள்ளிக்கு அது வந்துசேர மேலும் பல ஆண்டுகள். தோலுக்குப் பதில் முழுக்கச் செயற்கை உறை 1986-இல் மெக்ஸிகோ உலகக் கோப்பையில் வந்தது. தண்ணீர் குடிக்காத பந்து. மழை பெய்தாலும் எடை ஏறாது.

1992 ஜூன் 3 அன்று அதே காட்ரியோர்க் மைதானத்தில் எஸ்டோனியா என்ற பெயரில் மறுபடி ஓர் அணி இறங்கி ஸ்லோவேனியாவோடு 1-1 என்று ஆடியது. ஃபிஃபா கணக்கில் மீண்டும் ஒரு வரி. பின்னாளில் அந்த நாடு உலகுக்குக் கொடுத்த பெயரும் ஒரு கோல்கீப்பரின் பெயர்தான். மார்ட் பூம், நூற்றிருபது சர்வதேச ஆட்டங்கள். 2003-இல் இங்கிலாந்தின் சண்டர்லாண்ட் கிளப்புக்காக ஆடும்போது கடைசி நேரத்தில் தன் கோலை விட்டு எதிர்முனைக்கு ஓடி, தலையால் முட்டியே டெர்பி கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டார். அந்த ஓட்டத்தை இப்போதும் பார்க்கப் பிடிக்கும். ஊறிய தோலும் நாடா முடிச்சுமாக இருந்திருந்தால் அந்த நெற்றி என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

1938-இல் தொடங்கிய அந்த உள்நாட்டுக் கோப்பைக்கு இன்று டிப்னரின் பெயர்தான். இறுதியாட்டம் மே மாதம். அந்த நாளில் கோலில் நிற்கிறவன் அணிந்திருக்கும் கையுறையின் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். மேற்கு ஜெர்மனியின் செப் மையர் 1970-களில் சட்டி மாதிரி பெரிய கையுறைகளோடு இறங்கிய பிறகு பரவிய வழக்கம் அது. உள்ளங்கை முழுக்க நுரைத்த லேடெக்ஸ், அதாவது மரத்துப் பால். டிப்னர் நாளில் பந்துக்குள் அடைபட்டுக் கிடந்த ரப்பர், பந்தை விட்டு வெளியே வந்து கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அது வறண்டிருந்தால் பிடிக்காது, ஈரமாக இருந்தால்தான் பற்றும். அதனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவன் பாட்டிலிலிருந்து உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறான். இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்க்கிறான். போதாததற்கு எச்சிலும் துப்பிக்கொண்டு, கோட்டுக்குப் பின்வாங்கிப்போய் நிற்கிறான்.